நர்சம்மாவின் முதல் கூடை

தம்பி தெய்வசிகாமணிக்கு,

கூடை முடிந்துவிட்டது. கைப்பிடிதான் கொஞ்சம் குட்டையாக வந்திருக்கிறது. வயர் பற்றவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் போய் வாங்கி வர என் முழங்கால் இப்போது சம்மதிப்பதில்லை. ஆனாலும் தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்து எடுத்துப் போகத் தாராளமாக இடம் இருக்கிறது. நாளைக் காலையில் உன் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பதால்தான் இந்தத் தாளைக் கூடையின் அடியிலேயே மடித்து வைக்கிறேன். தேங்காயை வைப்பதற்கு முன்னால் இதை நீ படித்துவிட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்து என் வாசற்படியில் உட்கார்ந்தாய். பேசியது அத்தனையும் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"நர்சம்மா, இது அம்சா பொட்டியில கெடந்திச்சிங்க. பாதியில நிக்கிது. அவகிட்ட கத்துக்கினவங்க நீங்க. முடிச்சிக் குடுங்க. தலைத் தெவசத்துக்கு இதுலதான் பழம் எடுத்துக்கினு போவணும்."

"ஆவட்டும், குடு."

"வியாழக்கெழம எல்லாரும் வருவாங்க. அவங்க முன்னாடி ஒன்னு சொல்லப்போறேன்."

"இன்னா சொல்லப்போற?"

"அந்தப் புளியமரத்த வெட்டினது நானு. அது ரோட்டுல கெடந்ததாலதான் அம்சா ஆஸ்பத்திரிக்குப் போவல. அவளக் கொன்னது நான்தான்னு சொல்லிட்டு, எம் பொண்ணு எழில மணலூர்பேட்டையில மாமியார் வூட்டுல வுட்டுட்டுப் போயிடுவேன். கொன்னவன் கையால அது சோறு துன்னக் கூடாதுங்க."

எங்கே போவாய் என்று கேட்டேன். நீ துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாய். மோர் கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனாய்.

மூன்று நாளாகப் பின்னிக்கொண்டே யோசித்தேன். நீ அப்படிச் சொல்வது சரியில்லை, தம்பி. ஏன் சரியில்லை என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். நடுவில் எழுந்து வராதே. முழுதும் படித்துவிட்டு வா.

முப்பத்தோரு வருஷம் நர்சாக இருந்தேன். அதில் பதினான்கு வருஷம் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம்; மீதி இந்த ஊர்ப் பக்கம். ஜீப் போகாத ஊருக்கெல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். போன வருஷம் தை மாதம் ஓய்வு கொடுத்து, மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். வடக்கனந்தலுக்கு வந்து அதைச் சுவரில் மாட்டிய பிறகுதான் ஒரு பகல் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது.

உன் வீடு என் வீட்டிலிருந்து இரண்டாவது. உன் பெண்டாட்டி அம்சவள்ளி ஒருநாள் எட்டிப் பார்த்தாள்.

"சும்மா ஒக்காந்துகினு இன்னா பண்றீங்க நர்சம்மா? நம்ம வூட்டுக்கு வாங்க. மத்தியானத்துல ஏழு பேரு வயர் கூட பின்றோம். நீங்களும் கத்துக்குங்க."

போனேன். பச்சையில் ஒரு கட்டு, வெள்ளையில் ஒரு கட்டு வயர் வாங்கினேன். அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு நான்தான் பிரசவம் பார்த்தவள். என் கையைப் பிடித்துக்கொண்டு அலறியவர்கள். இப்போது அவர்கள் நடுவில் நான் பாயில் உட்கார்ந்து, கூடைக்கு அடி போடத் தெரியாமல் விழித்தேன். கடைசியில் அந்த அடியை அம்சவள்ளிதான் போட்டுக் கொடுத்தாள்.

எனக்கு வந்த சிக்கல் வேறு யாருக்கும் வந்திருக்காது. என் கை தொப்புள்கொடி கட்டிப் பழகிய கை. கொடியை ஒருதரம் இறுக்கிவிட்டு, மறுபடியும் ஒருதரம் இறுக்க வேண்டும். தளர்ந்தால் உயிருக்கு ஆபத்து. கூடை முடிச்சு அப்படி இல்லை. கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போட்டால்தான் ஒரு முடிச்சு பக்கத்து முடிச்சோடு ஒட்டி உட்காரும். நான் இரண்டு தரம் இறுக்கினேன். நாலாவது சுற்றிலேயே கூடை வாயைச் சுருக்கிக்கொண்டு சொம்பு மாதிரி நின்றது.

அம்சவள்ளி அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள்.

"நர்சம்மா, இது கூடைங்க, கொழந்த இல்ல. இந்த இறுக்கு இறுக்கினா மூச்சு முட்டிப் பூடும்."

"கால புடிச்சித் தலகீழாத் தட்டுங்க நர்சம்மா, அழுவுதான்னு பாப்போம்" என்றாள் கமலா. கோடி வீட்டுக் கமலா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்காகவா என்று நீ நினைக்கக் கூடாது. சிரிப்புக்காக ஒருவரைத் தண்டிக்கிற பெண் இல்லை நான். மலையில் என் தமிழைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கும் இதே கையால்தான் ஊசி போட்டேன்.

நடந்தது வேறு. பின்னிய கூடைகளை எலிக்குப் பயந்து அவள் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டுவாள். மறுநாள் எடுத்துத் தருவாள். மறுநாள் வருகிற கூடை நான் முந்தினநாள் வைத்த கூடையாக இருப்பதில்லை. முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள், புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைக் குச்சியில் தொட்டு, ஐந்தாவது சுற்றில் ஒரு முடிச்சின் தலையில் ஒரே ஒரு புள்ளி வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் அந்தப் புள்ளி முடிச்சின் தலையில் இல்லை. உள்பக்கம் போய்ப் பாதி மறைந்திருந்தது. யாரோ அவிழ்த்து, மறுபடியும் போட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் இரண்டு சுற்று நேராக நின்றது. அது என் கை இல்லை. என் கை எனக்குத் தெரியும்.

நான் வாய் திறக்கவில்லை. மறைக்கிறவர்களிடம் கேள்வி கேட்டால் இன்னும் மறைப்பார்கள். நாடியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்தால் தானாக வரும். இது வேலையில் கற்றது.

ஆனால் யோசித்தேன். அவிழ்க்கிறவள் எதற்காக அவிழ்க்கிறாள்? நான் எப்போதும் கத்துக்குட்டியாகவே இருக்க வேண்டும் என்பதற்காகவா? மற்றவர்களுக்கெல்லாம் சிவன் கண் முடிச்சு சொல்லிக்கொடுத்தாள், எனக்குச் சாதா முடிச்சைத் தாண்டவில்லை. "அவசரம் வேணாங்க, கை பழகட்டும்" என்றாள். நான் உள்ளே நுழையும்போது பேச்சு நிற்கும். கமலா குனிந்து வயரை எண்ணுவாள். ஒருநாள் நின்றால் தற்செயல். ஒன்பது நாள் நின்றது.

பிறகு கண்காட்சிப் பேச்சு வந்தது. காந்தி ஜெயந்திக்குக் கள்ளக்குறிச்சியில் மாதர் சங்கத்துக் கண்காட்சி, எல்லார் கூடையும் போகும், பெயர் எழுதி ஒட்டுவார்கள் என்றாள். அதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது என் கூடை மட்டும் பெட்டியிலிருந்து வெளியே வரவில்லை.

"என் கூட எங்க அம்சா?"

"இருக்குதுங்க நர்சம்மா. எங்கியும் ஓடிப் போவல."

"குடேன், பின்னணும்."

"ரெண்டு நாள் போவட்டும், சொல்றேன்."

சொல்லிவிட்டுக் கமலாவைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பார்வையை நீ பார்த்திருந்தால் உனக்கும் புரிந்திருக்கும். ஒருவர் கைவேலையை இன்னொருவர் தன் பெயரில் காட்சிக்கு வைப்பது எனக்குப் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அந்த வாரம்தான் உங்கள் சாதிச் சங்கத்து மறியல். புரட்டாசி பிறந்ததும் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் ரோட்டை அடைத்தீர்கள். உளுந்தூர்பேட்டையில் லாரிகள் வரிசையாக நிற்கின்றன என்று வந்து சொன்னார்கள். நம் ஊர் ரோட்டில் அந்தப் புளியமரத்தை நீ வெட்டிச் சாய்த்தாய். அது உண்மை. அதை நீ யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டாம் நாள் நடந்ததை ஏன் மறந்தாய்? காசியம்மாள் மருமகளுக்குக் குழந்தை குறுக்கே திரும்பிவிட்டது. கட்டிலில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு நான்தான் கூட வந்தேன். மரத்தடியில் உன் ஆட்கள் நின்றார்கள். நீ என்ன சொன்னாய்?

"டேய், கட்டிலப் புடிங்கடா, புள்ளத்தாச்சி. மறியல் கவருமென்டுக்குத்தான்டா, இவங்களுக்கு இல்ல. நர்சம்மா, நீங்க கிளைய மிதிச்சிக்கினு மெதுவா வாங்க."

கட்டிலின் ஒரு காலை நீ பிடித்தாய். மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி கட்டி நிறுத்தியிருந்தார்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய நாங்கள் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தோம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்று மணி நேரம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள். அன்று சாயங்காலம் போலீஸ் வந்து உன்னைப் பிடித்துக்கொண்டு போனது. கடலூர் ஜெயிலில் பதினைந்து நாள். அதனால் அடுத்த நாளைப் பற்றி மற்றவர்கள் சொன்னதுதான் உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் பால் வாங்கப் போனேன். மரத்தடியில் உன் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். "ஆஸ்பத்திரி கேசு இருந்தா சொல்லியனுப்புங்க நர்சம்மா, தூக்கி வுடறோம்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏழு மணிக்கு உன் அம்மா பாப்பாத்தி ஓடிவந்தாள். அம்சவள்ளி விறகுக் கட்டுக்குள் கையை விட்டபோது ஏதோ கடித்துவிட்டது என்றாள். போய்ப் பார்த்தேன். புறங்கையில் இரண்டு புள்ளி, ஊசி குத்தின மாதிரி. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, வலி இல்லை.

"இன்னா நர்சம்மா, முள்ளுதான குத்தியிருக்கும்? இந்தக் கெழவி ஊரக் கூட்டுது" என்று அம்சவள்ளி சிரித்தாள்.

பாப்பாத்தியை வெந்நீர் போடச் சொல்லி அனுப்பினேன். அவள் உள்ளே போனதும், என்ன பார்த்தாய் என்று கேட்டேன்.

"வாலுதாங்க பாத்தேன். கறுப்பா, வெள்ள வெள்ளயா வளையம் போட்டாமாதிரி. நெளிஞ்சி உள்ள பூட்சி. அத்தகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்கும்."

கட்டுவிரியன். மலையில் பதினோரு பேரை அது கடித்துப் பார்த்திருக்கிறேன். அது கடித்தால் வீங்காது, வலிக்காது. விஷயம் தெரியாதவர்கள் அதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். பிறகு வயிறு வலிக்கும், இமை தொங்கும், நாக்கு தடிக்கும், கடைசியில் மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இருந்தது. முந்தினநாள் காசியம்மாள் மருமகளோடு போனபோது அலமாரியில் நானே பார்த்தேன்.

பாப்பாத்தி வெந்நீரோடு வந்தாள். "இன்னாங்க கடிச்சிருக்கு?"

"பூரான்" என்றேன்.

அன்று நான் சொன்ன பொய் அந்த ஒரு சொல்தான். மற்றதெல்லாம் உண்மை. வீக்கமே இல்லை பார் என்றேன், உண்மை. மஞ்சள் பற்றுப் போடு என்றேன், அதனால் கெடுதல் இல்லை. அந்த நேரம்கூட நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

பத்து மணிக்கு வயிற்றை வலிக்கிறது என்றாள். சீரகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னேன். பாப்பாத்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பெரியவள், நாலும் பார்த்தவள்.

"நர்சம்மா, மரத்தாண்ட பசங்க இருக்குது. கட்டில்ல வெச்சித் தூக்கிக்கினு போயிடலாமா?"

"நேத்து உன் புள்ளயப் புடிச்சாங்களே, மறந்திட்டியா? இன்னிக்கி மருமவளத் தெருவுல தூக்கிக்கினு போனா போலீஸு சும்மா வுடுமா? பூரான் கடிக்கு யாராவது ஆஸ்பத்திரிக்குப் போவாங்களா?"

"அதுக்கில்லிங்க..."

"நான் இருக்கேன்ல?"

அந்த ஒரு வார்த்தைக்கு முப்பத்தோரு வருஷத்து மதிப்பு இருந்தது. அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

பதினொன்றரைக்கு அம்சவள்ளிக்கு இமை இறங்கத் தொடங்கியது. பாப்பாத்தி எழிலைத் தேடி வெளியே போயிருந்தாள். அம்சவள்ளி என் கையை அழுத்தினாள். நாக்கு தடித்துவிட்டது, ஆனாலும் பேச்சு விளங்கியது.

"நர்சம்மா, உங்க கூட பொட்டிலதாங்க இருக்கு. அவுத்ததெல்லாம் நான்தாங்க. கோச்சிக்காதீங்க. இன்னும் ரெண்டு சுத்துதான்..."

நான் கேட்காமலே வந்தது. சொன்னேன் அல்லவா, நாடியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தால் வரும் என்று. இரண்டு மாதமாக எனக்கு இருந்த சந்தேகம் ஒரு துளிகூடத் தப்பு இல்லை. அப்போது மணி பதினொன்று முப்பத்தைந்து. உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் பார்த்தேன். அப்போது தூக்கியிருந்தாலும் இரண்டரைக்குப் போயிருக்கலாம். மூச்சு நின்றது மூன்று மணிக்கு. நெருக்கந்தான், ஆனால் மலையில் அதைவிட நெருக்கத்தில் பிழைத்தவர்கள் உண்டு.

பாப்பாத்தி திரும்பி வந்தாள். "இன்னாங்க, கண்ண மூடிக்கினு கெடக்குறா?"

"தூங்குறா. எழுப்பாத."

எழுப்பவில்லை. பாவம், எழில்மதியைக்கூடச் சத்தம் போடாதே என்று திண்பண்டம் கொடுத்து வெளியே உட்காரவைத்தாள்.

மூச்சு நின்ற பிறகு நான்தான் சொன்னேன், பூரான் இல்லை, கட்டுவிரியன் போலிருக்கிறது, அந்த ஜாதிப் பாம்பு கடித்தால் தெரியாது, தெரியும்போது நேரம் இருக்காது என்று. ஊரே தலையாட்டியது. நர்சம்மாவாலேயே கண்டுபிடிக்க முடியவில்லையே என்றார்கள். ரோடு திறந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று யாரோ ஆரம்பித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, நான் இல்லை. அது வளர்ந்தது. நீ ஜெயிலிலிருந்து வந்தபோது உனக்காகத் தயாராக இருந்தது. என்னிடம் வந்து கேட்டாய்.

"அன்னிக்கி மாதிரி தூக்கிக்கினு போயிருக்கக் கூடாதாங்க?"

"நேரமே இல்லப்பா" என்றேன். என் காலில் விழுந்துவிட்டுப் போனாய். அதற்குப் பிறகு நீ கோடாலியைத் தொடவில்லை, சங்கத்துக்குப் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ அந்தக் கூடையை மடியில் வைத்தபோது ஒரு நிமிஷம் உன் முகத்தைப் பார்த்தேன். தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறானோ என்று. இல்லை. உனக்குத் தெரியாது. அது அம்சவள்ளியின் கூடை இல்லை, தம்பி. பச்சையும் வெள்ளையும், என் கூடை. ஊதாப் புள்ளி ஐந்தாவது சுற்றில் உள்பக்கம் அப்படியே இருந்தது. அடி மடிப்பில் ஒரு அட்டைத் துண்டும் இருந்தது. அவள் கையெழுத்து. 'பெயர்: சாலம்மாள். வேலை: ஓய்வு பெற்ற நர்சு. பின்னியது: தானே.'

நான் இறுக்கிய முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி நேராக்கி, என் பெயரிலேயே கண்காட்சிக்கு அனுப்ப வைத்திருந்தாள் என்று யாராவது சொல்லலாம். கமலாவும் அப்படித்தான் சொல்கிறாள். நேற்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியாம பண்ணி, அங்க வெச்சிக் காட்டணும்னு இருந்தா நர்சம்மா, நாங்க எல்லாரும் வாய மூடிக்கினு இருந்தோம்" என்று அழுதாள். இருக்கலாம். ஆனால் அந்த அட்டையை அவள் எப்போது எழுதினாள் என்று யாருக்குத் தெரியும்? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகு எழுதிப் போட்டிருக்கலாம். கமலா எப்போதும் அவள் கட்சி.

இப்போது சொல்லிவிடுகிறேன். அம்சவள்ளியைக் கொன்றது நான். மரம் இல்லை, நீ இல்லை, மறியல் இல்லை. எட்டு மணி நேரம் இருந்தது, மூன்று மணி நேர வழி இருந்தது, தூக்க ஆள் இருந்தது, மருந்து இருந்தது. எல்லாம் தெரிந்தவள் நான் ஒருத்திதான், பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதை வியாழக்கிழமை பத்துப் பேர் முன்னால் நீ உன் பெயரில் சொல்லிக்கொள்வதை நான் எப்படி விடுவேன்?

எழில்மதியை மணலூர்பேட்டைக்கு அனுப்பாதே. உன் கையால் அவள் தாராளமாகச் சாப்பிடலாம். இந்தத் தாளைப் போலீஸிடம் கொடுப்பதானால் கொடு. நான் வீட்டில்தான் இருப்பேன். பையில் இரண்டு புடவை எடுத்து வைத்திருக்கிறேன்.

கூடையைப் பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவள் தளர்த்தியிருந்ததை எல்லாம் அவிழ்த்து, முதல் சுற்றிலிருந்து ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இறுக்கிப் போட்டிருக்கிறேன். இனி ஒன்றும் நழுவாது. தரையில் வைத்தால் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. அதற்கு நான் பொறுப்பில்லை, அடியைப் போட்டது அவள்.

இப்படிக்கு,
சாலம்மாள்